அப்பா போட்ட கையெழுத்து

பிப்ரவரி 6, வியாழன்

காலையிலிருந்து காற்று. கொடியில் இருந்த துணியெல்லாம் சயனைடு மேட்டுத் தூசு, தங்கச் சுரங்கம் விட்டுப்போன கழிவு. திரும்பத் துவைக்க வேண்டும்.

எங்கள் மாரிகுப்பம் லைன் வீடுகளை, பழைய சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பை, பார்க்க மறுபடி பெங்களூர் ஜீப். பறவை பார்ப்பது, மேட்டில் நடப்பது, நம் வீடுகளில் தங்குவது. இயற்கைச் சுற்றுலாத் திட்டமாம். சாக்கடைக்கு மனு கொடுத்து ஓய்ந்தோம், ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது அதே சாக்கடையைப் போட்டோ எடுக்கிறார்கள். எலி சும்மா அம்மணமாக ஓடாது.

பிப். 7, வெள்ளி

வேலைக்குப் போகும் ரயிலில் நிற்கத்தான் இடம். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா பங்காருப்பேட்டை வரை அதே பேச்சு. "வந்து தங்குறவங்களுக்கு சமைச்சிப் போட்டா போதுமாம் விமலா. எல்லாத்துக்கும் இன்னாத்துக்கு சந்தேகப்படுற?"

அக்கா மகன் பெங்களூர் வேலையை விட்டு இங்கேயே கைடு ஆகிறானாம். தினமும் இந்த ரயிலில் நசுங்குவதற்கு அது மேல்தான். ஆனாலும் மனசு ஒப்பவில்லை.

வாங்க: து.பருப்பு, சோப்பு, அப்பாவுக்கு இருமல் மருந்து.

பிப். 8, சனி

வந்ததும் வராததுமாய் அப்பா: "ஜீப்காரங்க ரிஜிஸ்டர் எட்தாந்தாங்க. கையெழுத்து போட்டேன்."

"இன்னா எழுதியிருக்குன்னு பாத்தியாப்பா?"

"ரிஜிஸ்டர் நீட்னா போடணும்மா. போடாம கேஜ்ல எறங்கி, கீழ மாட்டிக்கினா எவன் தேடுவான்?"

முப்பது வருஷம் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கிய பழக்கம். அவர்கள் கொடுத்துவிட்டுப் போன நகல் கன்னடத்தில். இரண்டு முறை படித்தேன். வீடு அவர்கள் திட்டத்துடையது, நாங்கள் பார்த்துக்கொள்ளும் ஆட்கள், கேட்டால் காலி செய்வோம். சுரங்கம் மூடியதிலிருந்து இந்த வீட்டுப் பத்திரத்துக்குக் காத்திருக்கிறோம். இந்த ஒரு தாள் போதும், எல்லாம் போச்சு.

அப்பாவிடம் கத்திவிட்டேன். சாப்பிடாமல் படுத்துவிட்டார். கத்தியிருக்கக் கூடாது.

பிப். 9, ஞாயிறு

ஜீப் ஆட்களின் மேனேஜரைத் தேடிப் போய்த் தாளைத் திருப்பிக் கேட்டேன். "ஆண்ட்டி, அது சும்மா ஃபார்மாலிட்டி." சும்மா என்றால் கிழித்துப் போடு என்றேன். சிரிக்கிறான். தாள் பெங்களூர் போய்விட்டதாம். பொய்.

திரும்பி வந்தால் வீட்டுக்குள் நாலு விருந்தாளிகள். செருப்போடு. அப்பா சுவரோரம் நின்றுகொண்டிருக்கிறார். அதில் ஒரு பெண், நல்ல மாதிரிதான், தமிழிலேயே கேட்டாள்: "நீங்க ரெண்டு பேரும் இங்க எத்தன வருஷமா வேல செய்றீங்க?"



"எங்க வூடும்மா இது" என்றார் அப்பா. சொல்லிவிட்டு, சரிதானா என்று என் முகத்தைப் பார்த்தார்.