கோபுரத்துக்கு வடக்கே

என் கணவருக்கு,

சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து இதைச் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் ஊர் வரலாறு சொன்னீர்கள். நன்றாகத்தான் சொன்னீர்கள். முந்நூறு வருஷத்து உங்கள் பெட்டிஃபர் வம்சத்தைக் கல் கல்லாகத் தட்டி எழுப்பினீர்கள். ஆடு திருடி ஜெயிலுக்குப் போனவரைக்கூட விடவில்லை. கோபுரம் வந்ததும் திரும்பிவிட்டீர்கள்.

பேக்கரிக்கார எடித் விடவில்லை. "என்ன சார், அதுக்குள்ள திரும்பிட்டீங்க? வடக்குப் பக்கம் பார்க்க வேணாமா?"

"அங்க என்னம்மா இருக்கு? வெறும் காஞ்சொறிப் புதர்தான். வாங்க, டீ ஆறிடப் போகுது."

எல்லாரும் சிரித்துக்கொண்டே உங்கள் பின்னால் வந்துவிட்டார்கள்.

ஞானஸ்நானம் பெறாமல் இறந்தவர்களை அந்தப் பக்கம்தான் புதைப்பார்கள் என்று எடித்துக்கும் தெரியும். அந்தச் சின்னப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ரொட்டி வாங்கி வருகிறவர் மாதிரி வேலியோரமாக நீங்கள் நடந்து போனதை அன்று நான் பிரசவ அறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். எந்த இடம் என்று நீங்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஊர் மண்டபத்தில் நீங்கள் வரைந்து மாட்டியிருக்கும் வம்ச மரத்தையும் பார்த்தேன். நம் இருவர் பெயருக்கும் கீழே 'பிள்ளை இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கையெழுத்து எப்போதுமே அழகுதான்.

இன்று காலை அரிவாளோடு போய் அந்தப் புதரை முழுக்க வெட்டிவிட்டேன். கையெல்லாம் தடித்துக் கிடக்கிறது. தரை எங்கும் ஒரே மாதிரி இருக்கிறது. எங்கே என்று வந்து காட்டுங்கள். வரலாற்றை அப்புறம் பேசலாம்.

இப்படிக்கு,
பிள்ளை பெற்றவள்