பெரிய பாலத்தின் பலகை பலத்த காற்றிலும் பச்சை காட்டுவதை நிறுத்தக் கோரி

அனுப்புநர்
ரொட்டி வேன் ஓட்டுநரின் அக்கா,
(அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர்)
ஆற்றின் மேற்குக் கரைக் குடியிருப்பு.

பெறுநர்
தலைமைப் பொறியாளர் அவர்கள்,
சாலைப் பாலங்கள் பிரிவு,
ஆற்றின் கிழக்குக் கரை.

பொருள்: பெரிய பாலத்தின் வானிலை எச்சரிக்கைப் பலகை காற்றைத் தவறாகக் கணிப்பது, என் தம்பியின் விபத்து “ஓட்டுநர் கவனக்குறைவு” எனப் பதியப்பட்டிருப்பது ஆகிய இரண்டையும் திருத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

கோபத்தில் எழுதப்பட்ட மனுக்கள் தங்கள் மேசைக்கு நிறைய வரும் என்று அறிவேன். இது கோபத்தில் எழுதியதல்ல. கோபம் எனக்கு ஓர் இரவு தூங்கி எழுந்தால் அடங்கிவிடும். தங்கள் கட்டுப்பாட்டு அறையில் நான் கேட்டுத் தெரிந்துகொண்ட ஒரு விஷயம் மட்டும் அப்படி அடங்கவில்லை. வேலையில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

1. என் தம்பி ரொட்டி ஆலையின் உயரமான வேனை ஓட்டுபவன். சென்ற மாதம் ஒரு நாள் காலை, கிழக்குக் கரைக் கடைகளுக்கெல்லாம் ரொட்டி போட்டுவிட்டு, காலித் தட்டுகளுடன் பாலத்தில் திரும்பிக்கொண்டிருந்தான். பக்கவாட்டில் வீசிய காற்று வேனைத் தூக்கிக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துவிட்டது. தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஆற்றில் விழாமல் தப்பியது எப்படி என்று அவனுக்கே தெரியவில்லை. மருத்துவமனைக் கட்டிலில் அவன் சொன்ன முதல் வார்த்தை, “நாலு மூட்டை மாவு உள்ள இருந்திருந்தா நின்னிருக்கும்க்கா. காலி வண்டி, காத்தாடி மாதிரி ஆயிடுச்சு” என்பதுதான். சிரிக்கப் பார்த்தான், தோள் விடவில்லை.

2. அவன் பாலத்தில் ஏறும்போது தங்கள் பலகையில் “காற்று அபாயம்: குறைவு” என்று பச்சை எழுத்து எரிந்துகொண்டிருந்தது. பலகை பச்சையாக இருக்கையில் நேரும் விபத்து ஓட்டுநரின் கவனக்குறைவாகவே கொள்ளப்படும் என்பது தங்கள் பிரிவின் நடைமுறை என்கிறார்கள். அதன்படி அவனுடைய உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. ஆலை முதலாளியும் வீட்டு வாசலில் நின்று, “கம்ப்யூட்டரே பச்சைன்னு சொல்லுது. நீ என்னப்பா காத்து மேல பழி போடறே? காத்து வந்து சாட்சி சொல்லுமா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று நானும் கொஞ்சம் சந்தேகப்பட்டேன். தம்பி ஆயிற்றே என்று நம்புகிறோமோ, இயந்திரத்துக்கு என்ன பாரபட்சம் இருக்கிறது என்று யோசித்தேன். அதனால்தான் நேரில் கேட்டுவிடலாம் என்று தங்கள் கட்டுப்பாட்டு அறைக்குச் சென்றேன்.

3. அங்கிருந்த பொறியாளர் மரியாதையாக நடந்துகொண்டார். நாற்காலி கொடுத்தார், தேநீர் வரவழைத்தார், திரையைத் திருப்பி எனக்குப் புரியும்படி விளக்கினார். பாலத்தில் பல ஆண்டுகளாக எந்த நாளில் என்ன வானிலை, என்ன விபத்து என்ற விவரங்களை எல்லாம் கணினிக்குக் கொடுத்திருக்கிறார்கள். எது ஆபத்து என்பதை அது அவற்றிலிருந்து தானாகக் கற்றுக்கொண்டு, இப்போது முன்கூட்டியே சொல்கிறது. மூடுபனி என்றால் சிவப்பு. பாலத்தில் தண்ணீர் நின்றால் மஞ்சள். “காத்து விஷயத்துலயும் கணக்கு பக்கா மேடம். பலத்த காத்து அடிச்ச நாளை எல்லாம் எடுத்துப் பாத்தாச்சு. ஒரு ஆக்சிடென்ட் கூட கிடையாது” என்றார். அவர் பெருமையாகத்தான் சொன்னார்.

4. ஐயா, அந்த நாட்களில் பாலத்தில் வண்டியே போகவில்லை.

கிழக்குக் கரை அச்சகத்தில் வேலை என்பதால் இருபது வருடமாகப் பேருந்தில் பாலத்தைக் கடப்பவள் நான். முன்பெல்லாம் காற்று பலத்தால் இரு முனையிலும் தடுப்புக் கட்டையை இறக்கிவிடுவார்கள். கார், பேருந்து, லாரி எதுவும் போகாது. குடை மடங்கி, புடவை நனைந்து, அந்தக் கட்டையை வாய்விட்டுத் திட்டியபடி நாங்கள் நிற்போம். காற்று தணிந்த பிறகே திறப்பார்கள். விபத்து எப்படி நடந்திருக்கும்? இதைப் பொறியாளரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்து, “எந்தக் கட்டை மேடம்?” என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் பணிக்குச் சேர்ந்ததே கணினி வந்த பிறகு, கட்டையைக் கழற்றிய பிறகு. பாலத்தை மூடிய விவரம் கணினிக்கும் கொடுக்கப்படவில்லை, அவருக்கும் யாரும் சொல்லவில்லை. பாலத்தை மூடியதால் நாங்கள் பிழைத்ததை, காற்றே சாது என்று கணினி கற்றுக்கொண்டுவிட்டது. அதன் பேச்சைக் கேட்டுக் கட்டையையும் கழற்றிவிட்டார்கள். பொறியாளர் திரையைத் தன் பக்கம் திருப்பி, பலத்த காற்று நாட்களின் கணக்கை மறுபடி பார்த்தார். பிறகு, “அப்ப காத்து கூடக் கூட, அது இன்னும் பச்சையாதானே காட்டும்…” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவர் முகம் வெளிறியதைக் கண்ட பிறகு அவர் மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

5. இதைவிட அதிர்ச்சியானது ஒன்று உண்டு. தம்பியின் விபத்து பதிவானதும் கணினி திருந்திவிடாதா என்று கேட்டேன். திருந்தாதாம். “ஓட்டுநர் கவனக்குறைவு” என்று பதிந்த விபத்துகள் வானிலைக் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. மழைக்காலத்துக்கு முன்பு மெத்தை ஏற்றிச் சென்ற வேன் ஒன்று இதே இடத்தில் சாய்ந்ததாம். அதுவும் பச்சை எரிந்த நேரம், ஆகவே அதுவும் கவனக்குறைவு. இனி ஒரு பேருந்தே கவிழ்ந்தாலும், பச்சை எரிந்த காரணத்தால் அது ஓட்டுநரின் குற்றமாகும். குற்றம் ஓட்டுநருடையது என்பதால் பலகை பச்சையாகவே இருக்கும். இந்த வட்டத்தை யார் வரைந்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. கெட்ட எண்ணத்தோடு யாரும் வரைந்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். அதுதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது.

6. தவறை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் உரிமத்தை உடனே திருப்பித் தருவதாகத் தங்கள் அலுவலகத்திலிருந்து தம்பிக்குச் சொல்லியிருக்கிறார்கள். வண்டி ஓட்டாமல் அவனால் குடும்பம் நடத்த முடியாது. கையெழுத்துப் போட்டுவிடு என்று நானே முதலில் சொன்னேன். கட்டுப்பாட்டு அறையில் கேட்டதை வீட்டில் சொன்ன பிறகு, தோளில் கட்டோடு உட்கார்ந்திருந்தவன், “நான் ஒத்துக்கிட்டா அந்த போர்டு மாறவே மாறாதுக்கா. நீ தினம் அதே பாலத்துலதான் போறே” என்றான். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. அவன் கையெழுத்திடவில்லை, இடப்போவதுமில்லை.

7. கணினியை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. மூடுபனி நாட்களில் அது பலரைக் காப்பாற்றியிருக்கிறது, அதை நானே கண்டிருக்கிறேன். நான் வேண்டுவது இவ்வளவுதான். தம்பியின் விபத்துக்கும் மெத்தை வேனின் விபத்துக்கும் காரணம் காற்று என்று பதிய வேண்டும். பாலத்தை மூடியிருந்த நாட்களின் விவரத்தைக் கணினிக்குக் கொடுத்து, அதை மறுபடி கற்கச் செய்ய வேண்டும். அது கற்று முடிக்கும்வரை காற்றைப் பற்றிய அந்த ஒரு வரியை மட்டும் அணைத்துவிட்டு, பழைய தடுப்புக் கட்டைகளைத் திரும்பப் பொருத்த வேண்டும். அவை பாலத்தடியில் துருப்பிடித்தாலும் உடையாமல்தான் கிடக்கின்றன.

8. இந்தக் கடைசிப் பத்தியைத் தங்கள் அலுவலக வாசல் பெஞ்சில் உட்கார்ந்து சேர்க்கிறேன். சற்று முன் பேருந்தில் பாலத்தைக் கடந்து வந்தேன். காற்றுக் காலம் தொடங்கிவிட்டது. ஜன்னல் கண்ணாடிகள் கடகடவென்று ஆடின, நின்றுகொண்டிருந்தவர்கள் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். பேருந்து ஓட்டுநர் தலையைத் தூக்கிப் பலகையைப் பார்த்தார். பச்சை எரிந்தது. அவர் வேகத்தைக் கூட்டினார்.

மாலையில் நான் அதே பாலத்தில்தான் வீடு திரும்ப வேண்டும், ஐயா. அதற்குள் அந்த வரியையாவது அணைக்க ஆணையிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: ஆற்றின் கிழக்குக் கரை
நாள்: திங்கட்கிழமை, முற்பகல்

இப்படிக்கு,
(கையொப்பம்)
ரொட்டி வேன் ஓட்டுநரின் அக்கா