தவளைக் குளமும் அறுபதாம் லெவலும்

786
பென்னாகரம்,
17.11.2024

அன்பு மகள் ஹீனாவுக்கு அம்மியின் சலாமும் துஆவும்.

உன் கடிதம் வந்தது. விடுதியில் போன் கொடுக்கமாட்டார்கள் என்பதால் கடிதம் எழுதச் சொன்னேன். அழுது எழுதச் சொல்லவில்லை. நாலு பக்கத்திலும் ஒரே பாட்டு: மூன்றாவது தடவை நீட் எழுத என்னால் ஆகாது, வூட்டுக்கு வந்துவிடுகிறேன், தருமபுரி காலேஜில் தாவரவியல் படிக்கிறேன். அப்பாவுக்கு நான் முழுவதும் படித்துக் காட்டவில்லை. மெத்தைக் கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் "எங்க பாப்பா டாக்டருக்குப் படிக்குது" என்று சொல்லிச் சொல்லியே பஞ்சு அடைக்கிற மனுஷர். அவரிடம் போய் இதை எப்படிச் சொல்வேன்?

நேற்று கடைக் கணக்கு ஏற்றக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். எதையோ அழுத்தப் போய் உன் பழைய விளையாட்டு வந்து நின்றது. நீ எட்டாவது படிக்கும்போது ஆரம்பித்த அதே வில்லுக்காரி. தலைக்கு மேல் 31 என்று இருக்கிறது. கடைசி லெவல் 60 என்று ஓரத்தில் போட்டிருக்கிறான். ஆக, இதையும் பாதியில் விட்டிருக்கிறாய்!

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு முடிவு செய்தேன். உன் வில்லுக்காரியைக் கடைசி லெவல் வரைக்கும் நான் கொண்டுபோகிறேன். நாலாவதோடு நின்றவள், கடை ரசீதுகளைப் பார்த்து எழுத்துக் கூட்டிக் கற்றவள், கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோக்க முடியாதவள். நான் ஏறிவிட்டால் நீ வாய் திறக்காமல் மே மாதம் பரீட்சை எழுத வேண்டும். என்னால் ஆகாது என்று நான் எழுந்துவிட்டால் அன்றைக்கே நீ பெட்டியைக் கட்டலாம். இது பந்தயம் இல்லை. பந்தயம் ஹராம். இது வாக்கு.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அம்மி,
ரோஷன் பீ


விடுதி,
24.11.2024

அன்புள்ள அம்மிக்கு சலாம். அப்பாவுக்கும் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை என் அறைத்தோழி அமுதவல்லியிடம் காட்டினேன். "உங்கம்மாவா? கேமா?" என்று கேட்டுக் கட்டிலில் விழுந்து சிரித்தாள். இந்த அறையில் யாராவது சிரித்து ரொம்ப நாளாகிறது.

அம்மி, அது வயசான விளையாட்டு. நான் சேர்ந்தபோதே ஆட்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். முப்பதுக்கு மேல் ஒவ்வொரு லெவலும் முந்தினதைவிட நீளம். கூட ஆடியவர்கள் எல்லோரும் போன பிறகுதான் நானும் விட்டேன். உங்களால் முடியாது என்று சொல்லமாட்டேன். முடிந்துவிடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது.

ஆனாலும் ஒத்துக்கொள்கிறேன். வாக்கு என்றால் வாக்கு. நியாயத்துக்காக இரண்டு விஷயம் சொல்கிறேன். ஒன்று, தவளைக் குளத்தில் தூரத்தில் நின்றே அம்பு விடுங்கள், கிட்டே போகாதீர்கள். இன்னொன்று, அவள் போட்டிருக்கும் வெள்ளிக் கவசத்தை மட்டும் விற்றுவிடாதீர்கள். அதற்காக ஒரு கோடை லீவு முழுக்க உட்கார்ந்தேன்.

உங்கள்
ஹீனா


786
பென்னாகரம்,
15.12.2024

அன்பு மகள் ஹீனா நலமாயிருக்க துஆ செய்கிறேன்.

முதலில் கெட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறேன். கவசத்தை விற்றுவிட்டேன். உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே.

அதைக் கவசம் என்று எவன் பெயர் வைத்தான்? மேலே இரண்டு தகடு, கீழே ஒரு பட்டை. அடி எங்கெங்கே படுமோ அங்கெல்லாம் திறந்து கிடக்கிறது. உன் பெயரை வைத்துக்கொண்டு அவள் அந்தக் கோலத்தில் சந்தையில் நடக்க, என் கைதான் அவளை நடத்துகிறது. மனசு ஒப்பவில்லை. அங்கேயே ஒரு கடையில் கொடுத்துவிட்டுத் தலை முதல் கால் வரை மூடுகிற பழுப்பு அங்கி வாங்கிப் போட்டேன். பார்க்க எவ்வளவு லட்சணமாக இருக்கிறாள் தெரியுமா? ஆனால் அது வைத்தியர்கள் போடுகிற உடுப்பாம். அடி தாங்காதாம். இதை விற்ற பிறகு சொல்கிறான். இப்போது தவளை நாக்கை நீட்டினாலே சுருண்டு விழுந்து செத்துப்போகிறாள். செத்தால் கோட்டை வாசலில் எழுந்து மறுபடி குளம் வரைக்கும் நடை. ஒகேனக்கலுக்கு நடந்தே போய்வந்த மாதிரி எனக்குக் கால் வலிக்கிறது, நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும்.

36 ஆகிவிட்டது. லெவல் ஏறும்போது காலடியிலிருந்து ஒரு வெளிச்சம் கிளம்புகிறது, ஊதல் ஊதுகிறான், உன் பலம் கூடியது என்று எழுதுகிறான். சரி என்று அடுத்த குளத்துக்குப் போனால் அங்கே இருக்கிற தவளைக்கும் அதே அளவு பலம் கூடியிருக்கிறது! அப்படியென்றால் எனக்கு என்னதான் கூடிற்று? நான் கணக்குப் பார்க்கிறவள். இரண்டு பக்கமும் ஒரே தொகையைக் கூட்டினால் வித்தியாசம் மாறுமா? இந்த விளையாட்டைச் செய்தவனுக்கு இத்தனை வருஷத்தில் இதை யாருமே எடுத்துச் சொல்லவில்லையா?

ஆனாலும் எழுந்திருக்கமாட்டேன். நீ படி.

உன் அம்மி,
ரோஷன் பீ


விடுதி,
29.12.2024

அம்மி!

என் கவசம்! ஒரு முழு லீவு அம்மி! அமுதவல்லி என்னைத் தேற்றுவதை விட்டுவிட்டு, "அங்கி என்ன கலருன்னு கேளு" என்கிறாள். உங்களை நினைத்து அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. சரி, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை. அங்கியோடுதான் ஆடுவேன் என்றால் தவளைக் குளத்துக்கு மேற்கே பாறை ஒன்று இருக்கிறது, அதன் மேல் ஏறி நின்று அம்பு விடுங்கள். தவளைக்கு எட்டாது.

இந்த வாரத் தேர்வில் 720-க்கு 438. மார்க்கைச் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் வரிசைப்படி ஒட்டுகிறார்கள். தட்டை எடுப்பதற்கு முன் எல்லோரும் அங்கே நின்று அவரவர் பெயரைத் தேடுகிறார்கள். கூட்டம் கலைந்த பிறகு போகலாம் என்று நான் கடைசியாகப் போகிறேன். சில நாள் சாதம் தீர்ந்துவிடுகிறது. முடி ரொம்பக் கொட்டுகிறது அம்மி. படுத்தால் தூக்கம் வருவதில்லை. எதற்கும் உங்களிடம் சொல்லி வைக்கிறேன்.

ஹீனா


786
பென்னாகரம்,
19.1.2025

அன்பு மகள் ஹீனாவுக்கு சலாம்.

நீ சொன்ன பாறை நல்ல பாறை. அல்ஹம்துலில்லாஹ், 46. முடி கொட்டுவது அந்த ஊர்த் தண்ணீரால். எண்ணெய் அனுப்பியிருக்கிறேன், ஊறவைத்துக் குளி. சாப்பாட்டுக்கு முந்திப் போய் நில், வெட்கம் பார்த்தால் வயிறு நிறையாது.

இங்கே ஒரு கூத்து நடந்தது. கோட்டைக்குள் கிணற்றடியில் ஒரு வாள்காரர் எப்போது பார்த்தாலும் உட்கார்ந்திருப்பார். அறுபதாம் லெவல். பெரியண்ணன் என்று பெயர். என் அங்கியைப் பார்த்து வைத்தியச்சி என்று நினைத்து ஒரு குகைக்குக் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே பூதம் அவரைப் போட்டு மிதிக்கிறது. "மருந்து குடுங்க! மருந்து குடுங்க!" என்று இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடிக்கிறார். என்னிடம் ஏது மருந்து? நான் அம்பு விட்டேன். மனுஷர் செத்துப்போனார்.

கோட்டை வாசலில் எழுந்து வந்து கேட்டார்: "ஏங்க, கையில வில்ல வச்சிக்கிட்டு எதுக்குங்க டாக்டர் டிரஸ்ஸு?"

"மானத்துக்கு" என்றேன்.

வாளை உறையில் செருகினார். அப்புறம், "சரிங்க அக்கா" என்றார்.

ஓசூரில் ஏதோ கம்பெனியில் வேலையாம். அறுபதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க. ஆறு வருசமா இங்கதான் உக்காந்திருக்கேன். யாராச்சும் லெவல் ஏறுனா வாழ்த்துச் சொல்லுவேன். இப்பல்லாம் யாரும் ஏறுறதில்ல, நீங்கதான்."

"போய் வேறு வேலையைப் பார்க்கக் கூடாதா?"

"இவ்ளோ தூரம் ஏறி வந்துட்டு எப்பிடிங்க்கா எழுந்து போறது?"

எனக்கு எரிச்சலாகிவிட்டது. வேலைக்குப் போகிறவர் பேசுகிற பேச்சா இது? திரும்பிக் குளத்துக்குப் போய்விட்டேன்.

நீ மார்க்கைக் கூட்டு. நான் லெவலைக் கூட்டுகிறேன்.

உன் அம்மி,
ரோஷன் பீ


விடுதி,
9.2.2025

அம்மிக்கு சலாம்.

எண்ணெய் வந்தது. 441.

மாதக் கடைசியில் ஒரு சனி ஞாயிறு டபுள் பாயின்ட் தருவார்கள். அப்போது எலும்பு மனிதர்களை அடித்தால் சீக்கிரம் ஏறலாம்.

அமுதவல்லி ஊருக்குப் போய்விட்டாள். அவள் அப்பா வந்து கூட்டிக்கொண்டு போனார். கட்டில் காலியாக இருக்கிறது.

ரம்ஜானுக்கு வூட்டுக்கு வர வேண்டுமென்றால் நீங்கள் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டுமாம். அன்றைக்கு மாதிரித் தேர்வு இருக்கிறது. உங்கள் இஷ்டம்.

ஹீனா


786
பென்னாகரம்,
27.2.2025

அன்பு மகள் ஹீனாவுக்கு,

ஏறிவிட்டேன். அறுபது! நோன்புப் பிறை தெரிவதற்கு முன் முடித்தாக வேண்டும் என்று நிய்யத் வைத்திருந்தேன், நோன்பு மாதத்தில் எலும்பு மனிதர்களை அடித்துக்கொண்டு உட்கார முடியாது. நீ சொன்ன டபுள் பாயின்டில்தான் கடைசி மேடு ஏறினேன். அதில் ஒரு நாள் அஸர் நமாஸ் தவறிவிட்டது. தலை நிமிர்ந்து பார்த்தால் பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு கேட்கிறது. உன்னைப் பெற்றதற்குப் பிறகு வேளை தவறாதவள் நான். அந்த எலும்பு மனிதனைச் செய்தவன் எவனோ, அவன் கையில் கிடைத்தால் நன்றாகக் கேட்பேன்.

ஏறினது எப்படி இருந்தது என்று கேட்பாய். எப்போதும் வருகிற அதே வெளிச்சம், அதே ஊதல். பெரியண்ணன் கிணற்றடியிலிருந்து "வாழ்த்துக்கள் அக்கா" என்றார். கோட்டையில் வேறு ஆளே இல்லை. நானும் அவர் பக்கத்தில் போய் நின்றேன். எங்கே போவதென்று தெரியவில்லை.

அது கிடக்கட்டும். வாக்கு வாக்குதான். ரம்ஜானுக்கு வர வேண்டாம், தேர்வை எழுது. மறுநாள் அப்பா ஷீர் குர்மா பாயசம் கொண்டுவருவார்.

உன் அம்மி,
ரோஷன் பீ


விடுதி,
6.3.2025

அம்மிக்கு,

முபாரக். சொன்னபடி மே மாதம் எழுதுகிறேன்.

440.

ஹீனா


786
பென்னாகரம்,
6.4.2025

என் ஹீனாவுக்கு,

அப்பா உன்னைப் பார்த்துவிட்டு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார். "என்னங்க ஆச்சு?" என்றேன்.

"பாப்பா சலாம் சொல்றதுக்கு முன்னாடி மார்க்கச் சொல்லிருச்சு."

"நீங்க கேட்டிருப்பீங்க."

"நான் கேக்கவே இல்ல ரோஷன். வாசக் கேட்டாண்ட வந்துச்சு. நானூத்தி முப்பத்தாறுன்னுச்சு. டப்பாவ வாங்கிக்கிச்சு. சாப்புடுறியான்னா தலைய ஆட்டுது. முடியெல்லாம் கொட்டிப்போயி மண்ட தெரியுது."

 அன்றைக்கு அவர் கடை திறக்கவில்லை. உன் கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். சாதம் தீர்ந்துவிடுகிறது என்று நீ எழுதியிருக்கிறாய், அதற்கு நான் பாறை நல்ல பாறை என்று பதில் எழுதியிருக்கிறேன்.

நேற்று, நோன்பு மாதம் முழுக்கத் தொடாத கம்ப்யூட்டரைக் கணக்கு ஏற்றத் திறந்தேன். விளையாட்டுக்காரன் ஒரு அறிவிப்பு அனுப்பியிருக்கிறான். புதிதாக ஒரு மலை திறந்திருக்கிறார்களாம். கடைசி லெவல் இனிமேல் எழுபது. எழுந்து சமையல்கட்டுக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன். எழுபதுதான். மூன்று மாதத்துக்கு மேல் கண் எரிய ஏறினவளிடம் ஒரு வார்த்தை கேட்டானா?

உள்ளே போனேன். கிணற்றடியில் பெரியண்ணன் இல்லை. அத்தனை வருஷம் அசையாத மனுஷர் மலையடிவாரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும், "அக்கா! பத்து லெவல் உட்டிருக்கான் அக்கா! சீக்கிரம் வாங்க!" என்றார்.

"அதையும் ஏறின பிறகு எண்பது என்று சொன்னால்?"

"அதும் ஏறலாங்க்கா! நம்மளுக்கு என்ன வேல?"

எனக்கு வேலை இருக்கிறது தம்பி என்று சொல்லிவிட்டு அணைத்துவிட்டேன்.

ஹீனா, நம் வாக்கை ஒழுங்காகப் படித்துப் பார். அறுபது வரைக்கும் ஏறுகிறேன் என்று நான் சொல்லவில்லை. கடைசி லெவல் வரைக்கும் என்றுதான் எழுதினேன். கடைசி லெவல் எழுபது. நான் நிற்பது அறுபதில். இனி ஒரு தவளையைக்கூட அடிக்கமாட்டேன். என்னால் ஆகாது, எழுந்துவிட்டேன். நான் எழுந்தால் அன்றைக்கே நீ பெட்டியைக் கட்டலாம் என்பதுதானே பேச்சு? அல்லாஹ் சாட்சியாக இதில் நான் ஒன்றையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஏதாவது சட்டம் பேசி அங்கேயே இருந்துவிடாதே.

மே மாதப் பரீட்சையை எழுதுவதா வேண்டாமா என்று வூட்டுக்கு வந்து, நன்றாகத் தூங்கி எழுந்து நீயே சொல். தருமபுரி காலேஜில் எப்போது விண்ணப்பம் கொடுப்பார்கள் என்று கேட்டுவர அப்பாவை அனுப்பினேன். செருப்பை மாட்டிக்கொண்டே, "ஊரெல்லாம் டாக்டர்னு சொல்லி வச்சிட்டேனே, இனி கடைக்கு வர்றவங்க கேட்டா என்னன்னு சொல்றது?" என்றார். "பாப்பா வூட்ல இருக்குதுன்னு சொல்லுங்க" என்றேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து, உன் கட்டிலுக்குப் புது மெத்தை போடட்டுமா என்று கேட்கிறார். போடச் சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமை காலையில் கடை வண்டியில் நாங்கள் இருவரும் வருகிறோம். நீ பதில் எழுத வேண்டாம். கேட்டுக்கு வந்ததும் முதலில் சலாம் சொல். எந்த எண்ணும் என் காதில் விழக் கூடாது. ஆபீசில் ஏன் பாதியில் போகிறாய் என்று யாராவது கேட்டால் தலையைக் குனியாதே. பாதியில் விட்டது நான் இல்லை, எங்கள் அம்மிதான் என்று சொல்.

உன் அம்மி,
ரோஷன் பீ