கீழ்வயலுக்குப் போன கஞ்சி

அன்புள்ள அக்கா,

இன்று காலை நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியைத் திறந்தேன். வாசனை மூக்கில் ஏறியதும், "காரத்தத் தூக்கலாப் போடுடி, கஞ்சிக்கு அதுதான் தொணை" என்று நீங்களே பக்கத்தில் நின்று சொன்ன மாதிரி இருந்தது. கூடவே அந்தப் பழைய கேள்வியும் வந்துவிட்டது. அன்றைக்கு ஏன் அப்படிச் செய்தீர்கள்?

ஆட்சி மாறிய புதிது. "கோட்டையில ஆளு மாறியாச்சு, நம்ம கூலிதான் மாறல" என்று நடவு வயலில் எல்லோரையும் சிரிக்க வைப்பீர்கள். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு, அறுப்புக்கு இறங்காமல் நாம் வரப்பில் உட்கார்ந்திருந்தோம். பண்ணையார் லாரியில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். அவர்களுக்குச் சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று நம் தெருவில் முடிவாகியிருந்தது.

உச்சி வெயிலில், அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். நீங்கள் தூக்குவாளியோடு எழுந்தீர்கள். அன்றைக்கு உங்களுக்கு இருந்ததே அந்த ஒரு வேளைக் கஞ்சிதான்.

"அங்க போனீங்கன்னா அப்பறம் எங்களோட சேராதீங்கக்கா!" என்று என் வீட்டுக்காரர் கத்தினார். சங்கத்தில் முன்னால் நிற்கிறவர் அவர்தான்.

"குடுத்துட்டு வந்து ஒங்க பக்கத்துலயேதான் உக்காருவேன் தம்பி. அப்ப நல்லாத் திட்டுங்க."

தெருவே ஒதுக்கிவைத்துவிட்டால் தனி ஆளான நீங்கள் எங்கே போவீர்கள் என்று எனக்குப் பதறியது. ஆனால் என்னதான் செய்யப்போகிறீர்கள் என்று பார்க்கும் ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது. பின்னாலேயே வந்தேன். அவள் தலையைத் தாங்கிப் பிடித்துக் கஞ்சியைப் புகட்டினீர்கள். ஊறுகாயை விரலால் தொட்டு அவள் நாக்கில் வைத்தீர்கள்.

திரும்பும்போது கேட்டேன்: "ஒங்க சாமி சொல்லிச்சாக்கா?"

"சொல்லணுமாடி? யாருமில்லாத என்மேல ஆண்டவரு இத்தனை வருஷமா அன்பு வச்சிருக்காரு. மேவயலுக்கு வந்த தண்ணிய மடையத் தொறந்து கீழவயலுக்கு விடாம வச்சிருந்தா, பயிரு அழுவிப் போவாதா?"

வெளியூர் ஆட்கள் அறுப்பை நிறுத்தவில்லை. அந்த முறை நமக்குக் கூலியும் ஏறவில்லை. அன்றைக்கு வரப்புக்குத் திரும்பியதும், சொன்னபடியே என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். அவர் நகர்ந்தார், நீங்களும் நகர்ந்தீர்கள். "சீக்கிரம் திட்டுங்க தம்பி, பசிக்குது." தெருவே சிரித்துவிட்டது, அவரைத் தவிர. ஒதுக்கிவைக்கிற பேச்சு அதோடு அடங்கியது. ஆனாலும் அந்தப் போகம் முழுக்க அவர் உங்களோடு பேசவில்லை.

இப்போது எதிர் வயலில் வடக்கத்திப் பையன்கள் நாற்று நடுகிறார்கள். நம் ஆட்களின் வேலை போகிறதே என்று தெருவில் முணுமுணுப்பு. எனக்கும் அந்த வருத்தம் உண்டு அக்கா. சாமி விஷயத்தில் நான் இன்னும் கேள்வி கேட்கிறவள்தான். உங்கள் ஆண்டவர் அன்பு வைத்தது உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றும் விளங்கவில்லை. நான் பார்த்ததெல்லாம் அது உங்கள் கை வழியாக வெளியே வந்ததைத்தான்.

உங்களுக்குப் பிறகு என்னிடம் வந்து சேர்ந்த அந்தத் தூக்குவாளியில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். நாற்காலியில் இருந்த வீட்டுக்காரர் வாளியைப் பார்த்தார், எதிர் வயலைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நின்றேன்.

"ஊறுகா எடுத்துக்கிட்டியா?" என்றார்.