ஊதாத் துண்டு கட்டிய கோழிகள்

என் செல்ல ஸ்டெல்லா அக்கா,

நான் முதலில் பார்த்தது அவளுடைய கொண்டையைத்தான். உன் முதல் வருட நினைவுப் பூசை முடிந்து எல்லாரும் கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். எனக்கு முன்னால் நின்றவள் கொண்டையைச் சுற்றி ஒரு துணி கட்டியிருந்தாள். ஊதாவில் வெள்ளைப் புள்ளி. நம் வீட்டில் உன் கோழிகளின் காலில் இருக்கிற அதே துணி.

உன் தையல் ஃபெக்டரியில் வெட்டி மிஞ்சிய துண்டு அது. உன்னிடமும் உன் கோழிகளிடமும் தவிர வேறு யாரிடமும் அது இல்லை என்று நினைத்திருந்தேன். நீ அதில் ஒருத்திக்கு முடி கட்டத் தைத்துக் கொடுத்திருக்கிறாய். எனக்கு ஏன் தரவில்லை அக்கா?

அவள் திரும்பி அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்போதுதான் அது நிரோஷா என்று தெரிந்தது. கட்டுநாயக்கவில் உன்னோடு ஒரே அறையில் போர்டிங் இருந்தவள். நீ போன் எடுத்தால் உனக்குப் பின்னால் எப்போதும் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்குமே, அது அவள்தானாம். டெங்குக் காய்ச்சலில் நீ படுத்தபோது முதல் இரண்டு நாளும் பக்கத்தில் இருந்தவளும் அவள்தானாம். அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது. நாங்கள் வந்து சேர்ந்தபோது நீ கண் திறக்கவில்லை.

இப்போது அவள் வேலையை விட்டுவிட்டு பல்லேபொலையில் தாய் வீட்டில் இருக்கிறாள். பெரிய தோட்டமாம், மிளகும் கமுகும் நிற்கிறதாம். அம்மா அவளைச் சாப்பிடக் கூட்டி வந்தாள். "நிரோஷா அக்காவுக்குத் தண்ணி குடு" என்றாள். தண்ணீர் கொடுத்தேன். அக்கா என்று சொல்ல வாய் வரவில்லை. நேரில் நீங்க என்றுதான் பேசுகிறேன். உன்னிடம் மட்டும்தான் இப்படி அவள், இவள் என்கிறேன்.

உனக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். அப்பாவுக்கு இழுப்பு கூடிவிட்டது. பம்ப் அடித்தாலும் படியேற முடிவதில்லை. கோழித் தூசு ஆகாது, வீட்டுப் பக்கமே கோழி இருக்கக் கூடாது என்று கிளினிக்கில் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நம் கூடு அப்பாவின் அறைச் சுவரோடுதானே ஒட்டி நிற்கிறது? எல்லாவற்றையும் விற்றுவிடலாம் என்று அம்மா சொன்னாள். நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு, நாலைந்தை மட்டும் கீழே கொக்கோ மரத்தடியில் வைத்துக்கொள் என்றாள். அப்பா என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

எந்த நாலைந்து? அதைத்தான் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

முதல் சம்பளத்தில் நீ ஒரு சிவப்புக் கோழி வாங்கி வந்தது ஞாபகம் இருக்கிறதா? நான் பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டோடு இருந்த நேரம். யார் வந்தாலும் குசினிக்குள், அடுப்போரம் போய் நின்றுகொள்வேன். "நான் கோழி தர்றேன், நீ வளர்த்துத் தா. பொரிச்ச குஞ்சுல பாதி உனக்கு, பாதி எனக்கு" என்றாய். ஊரில் ஆடு மாடு அப்படிப் பாதிக்கு விடுவார்கள். அக்கா தங்கச்சிக்குள் யாராவது இப்படிப் பேசுவாங்களா என்று அம்மா சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. லீவில் வரும்போதெல்லாம் குந்தியிருந்து குஞ்சு பிரிப்பாய். கோழி கொடுத்தவளுக்கு ஊதாத் துண்டு, வளர்க்கிறவளுக்கு மஞ்சள் துண்டு. எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

சாப்பிட்டுக் கை கழுவ நிரோஷா பின்பக்கம் போனாள். கோழிகளைக் கண்டதும் அவள் முகம் மாறிவிட்டது.

"ஐயோ, மெனேஜர்!" என்றாள் சேவலைப் பார்த்து.

அம்மாவுக்கு விளங்கவில்லை. நான் அனுப்பும் போட்டோக்களைப் பார்த்து நீங்கள் இரண்டு பேரும் போர்டிங்கில் இருந்து பெயர் வைப்பீர்களாம். காலையில் எல்லாருக்கும் முன்னால் எழும்பிக் கத்திவிட்டு ஒரு வேலையும் செய்யாமல் சுற்றுவதால் அது மெனேஜர். குருணையைக் காலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிற கறுப்பி, ஃபெக்டரியில் தைத்ததைச் சரிபார்க்கிறவளைப் போல, கியூசி.

"எதப் போட்டாலும் ரிஜெக்ட் பண்ணுவா" என்றாள்.

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நீ போன பிறகு அம்மா அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். என் கோழிகளுக்குப் பெயர் இருப்பது ஒரு வருடத்துக்குப் பிறகு யாரோ ஒருத்தி சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. ஏன் என்னிடம் சொல்லவில்லை? நானும் சிரித்திருப்பேனே.

பிறகு அவள் வேலியோரம் தனியாக நின்ற சாம்பல் பெட்டைக் கோழியைக் காட்டினாள். எல்லாம் தின்று முடித்த பிறகு வந்து மிச்சத்தைக் கொத்துமே, அது. காலில் ஊதாத் துண்டு.

"இதுதான் குட்டி. உங்க பேர்தான். எல்லாரும் போன பொறகுதான் வருவான்னு ஸ்டெல்லா சொல்லுவா."

குட்டி என்று என்னை நீ மட்டும்தான் கூப்பிடுவாய். அதையும் அவளிடம் சொல்லியிருக்கிறாய்.

அவள் போகும்போது அம்மா முடிவு செய்துவிட்டாள். ஸ்டெல்லாவின் பங்கை அந்தப் புள்ளை கொண்டு போகட்டும், தோட்டம் இருக்கிறது, நல்லாப் பார்ப்பாள் என்றாள். அடுத்த ஞாயிறு வந்து எடுப்பதாகப் பேச்சு. என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் என்ன சொல்லியிருப்பேன்? வாசலில் ஆள் நின்றால் எனக்குப் பேச்சு வராதே.

அந்தக் கிழமை முழுக்க எனக்குள் எரிந்துகொண்டே இருந்தது. குருணை போடும்போது அவை ஓடி வந்தால் கோபம் வந்தது. அவள் போட்டாலும் இப்படித்தானே ஓடும்? சனிக்கிழமை குட்டியைப் பிடித்து ஊதாத் துண்டை அவிழ்த்து என் மஞ்சளைக் கட்டினேன். மஞ்சள் என்றால் என் பங்கு. அதை யாரும் கேட்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை அவள் த்ரீவீலரில் இரண்டு கூடையோடு வந்தாள். ஊதாக் கட்டியவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தேன். அவள் ஒவ்வொன்றின் முதுகையும் தடவிக் கூடைக்குள் விட்டாள். கடைசியில் வேலியோரம் பார்த்தாள். போய்க் குட்டியைத் தூக்கினாள். காலைப் பார்த்தாள்.

"போட்டோல இதுக்கு ஊதாதானே?"

அம்மா என்னைப் பார்த்தாள். எனக்குக் காது சுட்டது.

நிரோஷா மெதுவாகக் கோழியை என் கையில் வைத்தாள். "நீயே வச்சுக்க தங்கச்சி" என்றாள்.

அக்கா, அவள் அதைப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. என்னுடையதை எனக்குத் தர அவள் யார்? நீ விட்டுப் போனதைப் பிரித்துக் கொடுக்கிற இடத்தில் அவள் நிற்கிறாள், நான் வாங்கிக்கொள்கிற இடத்தில் நிற்கிறேன். கோழியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சொல்லிவிட்டேன்.

"சும்மா தர மாட்டேன். பாதிக்குத்தான் தருவேன்."

"ஏய் ரோசி, என்னடி பேச்சு இது?" என்றாள் அம்மா.

"கோழி எங்களோடது. நீங்க வளருங்க. பொரிச்ச குஞ்சுல பாதி உங்களுக்கு, பாதி எனக்கு."

நிரோஷா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது, ஆனால் உதடு சிரித்தது.

"அவ பேசுற மாதிரியே பேசுற. சரி, பாதிக்கே தா. எனக்கு எந்தத் துண்டு?"

என் கோழிகளில் நாலு கொக்கோ மரத்தடிக்குப் போய்விட்டன. மஞ்சள் கட்டிய மிச்சத்தை விற்க அம்மா பூசைக்கு வந்த ஆட்களிடம் சொல்லி வைத்திருக்கிறாள். அப்பாவின் ஜன்னல் இனித் திறந்திருக்கும். அவளை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அங்கே முதல் அடை பொரித்ததும் நானே தனியாக பஸ் ஏறி பல்லேபொலைக்குப் போவேன். குந்தியிருந்து குஞ்சு பிரிப்பேன். உன் பங்கில் ஒரு குஞ்சைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன். அப்படியே உங்கள் போர்டிங்கில் வேறு என்னென்ன பேசிச் சிரித்தீர்கள் என்றும் கேட்டு வருவேன்.

எந்தத் துண்டு என்று அவள் கேட்டாளே, அதற்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? குட்டியின் காலில் இருந்த மஞ்சளை அவிழ்த்தேன். சட்டைப் பையில் வைத்திருந்த ஊதாவைத் திரும்பக் கட்டினேன். குட்டியை நானே கூடைக்குள் விட்டு மூடினேன். பிறகு உள்ளே போய், வளர்க்கிறவளுக்கு உரிய மஞ்சள் துணிச் சுருளை எடுத்து வந்து நிரோஷாவின் கையில் கொடுத்தேன்.

இனி ஊதாத் துண்டு கட்டும்
உன் தங்கச்சி,
ரோசி