நிழலில் ஓர் இருக்கை

என் பிரிய ஃபிலோ,

நீ கண்ணை மூடி ஒன்றரை வருடம் ஆகிறது. உன் பேரன் டேனியல் இப்போது டெக்சஸில், ஃபிரிஸ்கோவில், என் வீட்டு மாடி அறையில் இருக்கிறான். சம்பளத்துக்குப் பேஸ்பால் ஆடுவது இதுதான் அவனுக்கு முதல் வருடம். பந்து எறிபவன். துண்டை அழகாக மடித்து வைக்கிறான். உன்னிடம் வளர்ந்த பிள்ளையென்று நம்பவே முடியவில்லை.

எனக்கு ஒரு குழப்பம். உன்னைத்தான் கேட்க வேண்டும்.

போன சனிக்கிழமை என் மகள் மீனா என்னை ஆட்டத்துக்கு அழைத்துப் போனாள். வீரர்கள் உட்காரும் பெஞ்சை ஒட்டியே எங்கள் இடம். ஒன்பது சுற்று ஆட்டத்தில் ஆறு முடிந்தும் எதிரணியில் ஒருவன்கூட டேனியலின் பந்தை அடித்து ஓடவில்லை. ஆனால் பெஞ்சில் அவன் பக்கத்தில் யாருமே இல்லை. எல்லாரும் தள்ளி உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். புதுப் பையன், நம் நிறம், அதனாலா? தனியாக இருக்கிற பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார வேண்டும் என்பது நம் கான்வென்ட் சட்டம் அல்லவா? மீனா காபி வாங்கப் போன நேரத்தில் கம்பியருகே போனேன்.

“ஏன்டா தனியா உக்காந்திருக்க? ஒருத்தனும் உன் பந்த அடிக்கலையே, சபாஷ்!”

மற்றவர்களுக்கும் உறைக்கட்டும் என்று அதையே ஆங்கிலத்திலும் சொன்னேன். பெஞ்சே திரும்பி, சாபமிட்டவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தது. அடுத்த சுற்றில் முதல் ஆளே அடித்துவிட்டான்.

“அய்யோ அம்மா! கடைசிவரை ஒருத்தரும் அடிக்கலைன்னா அது பெரிய சாதனை. அப்படிப் போகும்போது பந்து எறியற பிட்சர்கிட்ட யாரும் பேசவே மாட்டாங்க. வாய்விட்டுச் சொன்னா அந்த ராசி போயிடுமாம். அதான் தள்ளி உக்காந்திருந்தாங்க” என்றாள் மீனா.

குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறது என்று யாராவது சொன்னால் போதும், நீ ஜெபமாலையும் கையுமாக உப்புச் சுற்றிப் போடுவாய். நான் எத்தனை கேலி செய்திருக்கிறேன்! இப்போது நானே கண் வைத்தவள் ஆகிவிட்டேனா? எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

“இட்ஸ் நாட் யூ, பாட்டி. ஜஸ்ட் எ பேட் பிட்ச்” என்றான் டேனியல். அவன் எறிந்த அந்தப் பந்துதான் மோசமாம். அன்று இரவு சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

நாளை சீசனின் கடைசி ஆட்டம். இன்று காலையில் என் காபிக் கோப்பைக்கு அடியில் டேனியல் வைத்த ஒரு டிக்கெட் இருந்தது. மேலே, கடைசி வரிசை. பெஞ்சிலிருந்து வெகுதூரம்.

“அங்கதாம்மா நிழல். டெக்சஸ் வெயில்ல உனக்கு மயக்கம் வந்தா? நல்ல பையன்” என்கிறாள் மீனா. நிழலுக்காகவா, நான் எட்டாத தூரத்தில் இருக்கட்டும் என்றா? அவனிடம் கேட்கப் பயமாக இருக்கிறது, ஃபிலோ. நான் எப்போது யாருக்குப் பயந்திருக்கிறேன்?

போகிறேன். வாயைத் திறக்க மாட்டேன், இது சத்தியம். நீ கொடுத்த ஆரஞ்சுப் புடவையைக் கட்டிக்கொள்கிறேன். கண்ணை உறுத்துகிறது என்று ஒரு நாளும் கட்டாத அதே புடவைதான். அவன் தனியாக உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தால், அவ்வளவு தூரத்திலும் நான் தெரிய வேண்டும்.

உன் கூடப் பிறக்காத அக்கா,
ராஜம்