ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஓர் ஆராய்ச்சி

கும்பகோணம்
ஞாயிறு

அன்பு மகள் ஜோதிக்கு அம்மா எழுதுவது. மாதா தயவில் நானும் அப்பாவும் இங்கே உயிரோடும் ஓரளவு சுகத்தோடும் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். உயிரோடு என்று ஏன் எழுதினேன் என்று பதறாதே, முழுதும் படி. போனில் சொல்லலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து காதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார், அதனால்தான் கடிதம்.

இந்தத் தடவை ஐப்பசி மழை விடவே இல்லை. நம் தெருவில் இரண்டு வீட்டில் டெங்கு என்று கொசு ஒழிக்கிற ஆட்கள் வந்தார்கள், ஹஃப்ஸா என்று ஒரு பெண், கூட அவளுடைய ஆபீசர் சித்தீக் சார். அப்பா வாசலிலேயே மறித்து, என் மகள் வெளிநாட்டில் கொசுவையும் அது பரப்புகிற கிருமியையும்தான் ஆராய்ச்சி பண்றா, இந்த வீட்டுல என்ன பார்க்கப் போறீங்க, காபி சாப்பிட்டுட்டுப் போங்க என்றார். ஹஃப்ஸா காபியைக் குடித்தாள், குடித்துவிட்டு நேராக ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போய்த் தண்ணீர் வடிகிற தட்டை உருவினாள். ஐயோ ஜோதி, உள்ளே கல்யாண வீட்டுக் கூட்டம் மாதிரி புழு நெளிகிறது. அப்பா அசையவே இல்லை, அதைத் தொடாதீங்க, அது என் மகளோட ஆராய்ச்சி என்றார்.

சித்தீக் சார் நல்ல மனுஷர், ஆனால் சட்டம் பார்க்கிறவர். ஆராய்ச்சி என்றால் நான் கொட்ட முடியாதே, மேலே எழுதிக் கேட்கணும் என்று சொல்லி, தட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஃப்ரிட்ஜ் மேல் 'ஆராய்ச்சிப் பொருள், அகற்றக் கூடாது' என்று காகிதம் ஒட்டிவிட்டுப் போனார். அதன் பிறகு ஹஃப்ஸா ஊரெல்லாம் புழுவைக் கொட்டிவிட்டு, நம் வீட்டுக்கு மட்டும் வந்து புழு சௌக்கியமா என்று பார்த்துவிட்டுப் போனாள். உண்மையைச் சொல்லித் தொலையுங்க என்று நான் கெஞ்சினேன். தெருவே சிரிக்கும், ஜோதி பேரு என்ன ஆகும் என்று அப்பா தட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தார். மேலிடத்திலிருந்து, என்ன ஜாதிக் கொசு, எத்தனை என்று விவரம் கேட்டு வந்தது. அப்பா சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, பூதக்கண்ணாடியோடு குப்புறப் படுத்து எண்ண ஆரம்பித்தார். எண்ணி முடிப்பதற்குள் அதெல்லாம் சிறகு முளைத்துப் பறந்துவிட்டது, அவர் முதுகு முழுக்கத் தடிப்பு.

அப்புறம்தான் காய்ச்சல். கடித்தது நம் வீட்டுக் கொசுவா, தெருக் கொசுவா என்று நீதான் சொல்ல வேண்டும். போன மாதம் நீ கூப்பிட்டபோதெல்லாம் அப்பா குளிக்கிறார், மாடியில் இருக்கிறார் என்றேனே, அப்போது அவர் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏறிக் கிடந்தார். டெங்குதான். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனது, ஈறில் ரத்தம் கசிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு ஏதாவது ஆனா ஜோதிகிட்ட கொசு கடிச்சுதுன்னு சொல்லாதே, ஹார்ட் அட்டாக்னு சொல்லு, அதுதான் அவளுக்குக் கௌரவம் என்றார். நான் வராந்தாவுக்குப் போய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதேன், கோபமா பயமா என்றே தெரியவில்லை.

சித்தீக் சார் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். அப்பா படுத்தபடியே, சார், அது ஆராய்ச்சி இல்லை, நாங்க கழுவாம விட்ட தண்ணி என்று சொல்லிவிட்டார். சித்தீக் சார் பையிலிருந்து ஒரு உத்தரவை எடுத்துக் காட்டினார், அன்று காலைதான் வந்ததாம், ஆராய்ச்சிக்கு ஒரு வருஷம் அனுமதி! அதை எப்படி ரத்து பண்ணுவது என்று அவருக்கே தெரியவில்லை. கடைசியில் ஹஃப்ஸாதான் என்னிடம் சாவி வாங்கிப் போய், தட்டைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஆராய்ச்சி முடிந்தது என்று ஒரு படிவத்தில் எழுதிக் கொடுத்தாள். கண்டுபிடித்தது என்ன என்று ஒரு கேள்வி இருந்ததாம், அதில் 'கடிக்கும்' என்று எழுதியிருக்கிறாள்.

அப்பா இப்போது கஞ்சியை விட்டுச் சோறு சாப்பிடுகிறார், மெதுவாக நடக்கிறார். போனில் பேசும்போது உனக்கு ஒன்றும் தெரியாத மாதிரி இரு, அழுகை வந்தால் போனைத் தள்ளி வைத்துவிட்டு அழு. கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்காது என்று சொல்லாதே, கேட்டுப் பார். மாதா உன்னைக் கைவிடாமல் நடத்தட்டும், நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அம்மா,
அமலி அருள்சாமி